ஒரே நடிகர், பல பாத்திரங்கள்: அரங்கில் நாம் ரசிப்பது எதை?

தில்லைநகர் வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஆண்டன் செகாவின் 'வான்யா மாமா' நாடகத்தை சைமன் ஸ்டீவன்ஸ் 'வான்யா' என்ற பெயரில் ஆங்கிலத்தில் மாற்றி எழுத, அதன் எட்டுப் பாத்திரங்களையும் அயர்லாந்து நடிகர் ஆண்ட்ரூ ஸ்காட் ஒருவரே ஏற்று நடித்தார். 2023இல் லண்டனில் மேடையேறிய அந்த நாடகத்தின் பதிவு பின்னர் திரையரங்குகளிலும் காட்டப்பட்டது. அண்மையில்தான் எனக்கு அதைப் பார்க்க வாய்த்தது.

நடிகர் வேடம் எதுவும் மாற்றுவதில்லை. மருத்துவர் பேசும்போது கையில் ஒரு டென்னிஸ் பந்து இருக்கிறது. சோனியா பேசும்போது அடுப்படித் துணி ஒன்றைக் கசக்கிக்கொண்டிருக்கிறாள். ஹெலெனாவின் விரல்கள் கழுத்துச் சங்கிலியை நெருடுகின்றன. வான்யா மாமாவாகிய இவானுக்குக் கறுப்புக் கண்ணாடி. சிறிது நேரத்தில் இந்த அடையாளங்களையும் தேடாமல், பேசுபவர் யார் என்பதைத் தோள் திரும்பும் விதத்திலேயே கண்டுகொள்ளப் பழகிவிடுகிறோம். மருத்துவரும் ஹெலெனாவும் நெருங்கும் காட்சியில் இரண்டு பேரின் தயக்கமும் ஒரே உடலில் நிகழ்ந்ததைப் பார்த்து நான் உண்மையாகவே கலங்கினேன். உடன் பார்த்த தோழியோ, கழைக்கூத்தாடி கயிற்றில் நடக்கும்போது எங்கே விழுந்துவிடுவாரோ என்று வரும் படபடப்புக்கும் இதற்கும் வேறுபாடு இல்லை, நீ ரசித்தது நாடகத்தை அன்று, சாமர்த்தியத்தை என்று சொல்லிவிட்டார்.

அவருக்குச் சொல்ல என்னிடம் சரியான மறுமொழி இல்லை. தேர்ந்த எட்டு நடிகர்கள் சேர்ந்து நடித்தால் கிடைக்காத எது, ஒருவர் நடிக்கும்போது கிடைக்கிறது? திரைப்படத்தில் ஒருவரே ஒன்பது வேடம், பத்து வேடம் போடுவதைப் பற்றி நான் கேட்கவில்லை. அங்கே ஒரு வேடத்துக்கும் அடுத்த வேடத்துக்கும் நடுவே ஒப்பனை அறையும் படத்தொகுப்பு மேசையும் இருக்கின்றன. நம் கண்ணெதிரே, இடைவெளியின்றி, ஒருவர் இன்னொருவராக மாறும் மேடையைப் பற்றி மட்டும் கேட்கிறேன்.

மேடைக்கோல் எழுதியது:

அம்மா, நான் நடிகன் அல்லன்; சிறு குழுக்களில் நெடுங்காலம் மேடை நிர்வாகம் பார்த்தவன். ஓரத்திரைக்குப் பின்னால் நின்று பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

இந்த வகை நாடகத்தின் உயிர் குரல் மாற்றத்தில் இருப்பதாகப் பலரும் நினைக்கிறார்கள். ஒத்திகையில் நாங்கள் கடைசியாகத் தொடுவதே குரலைத்தான். யார் எங்கே இருக்கிறார், அவருடைய கண் எந்த உயரத்தில் இருக்கிறது, எதிரில் இருப்பவரைப் பார்க்க அது எந்தப் பக்கம் திரும்பவேண்டும் என்பவைதாம் முதலில் முடிவாகவேண்டியவை. அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், மகள் காபி டம்ளரை நீட்டுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மகளாக நிற்கும்போது பார்வை தாழ்ந்திருக்கவேண்டும். டம்ளரை விளிம்பில் பிடித்திருக்கும் விரல்களில் சூடு தெரியவேண்டும். அடுத்த நொடியில் அப்பாவாக அதை வாங்கும்போது முழங்கால் மடங்கி, பார்வை மேல்நோக்கி உயர்ந்து, பிடி டம்ளரின் அடிப்பக்கத்துக்கு மாறியிருக்கவேண்டும். ஆனால் இல்லாத அந்த டம்ளர் மட்டும் இருந்த இடத்தைவிட்டு நகர்ந்திருக்கக் கூடாது. இரண்டு விரற்கடை நகர்ந்துவிட்டாலும் போதும், வசனம் எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும் நாற்காலியில் இருந்த அப்பா காணாமல் போய்விடுவார். அவரைத் திரும்ப உட்காரவைக்க அடுத்த ஐந்து நிமிடம் போராடவேண்டும்.

ஜப்பானியர்களின் ரகுகோ என்ற கதை சொல்லும் கலையில் இந்த நுணுக்கம் முழு இலக்கணமாகவே வளர்ந்திருக்கிறது. கலைஞர் ஒரு மெத்தையில் மண்டியிட்டு அமர்ந்தவர் இறுதிவரை எழுவதில்லை. கையில் ஒரு விசிறியும் ஒரு சிறு துணியும் மட்டும் இருக்கும். விசிறி உணவுக்குச்சியாகும், துணி கடிதமாகும். தலையை ஒரு பக்கம் திருப்பினால் வீட்டுக்காரர், மறுபக்கம் திருப்பினால் வந்தவர். எந்தப் பக்கம் பார்த்துப் பேசுகிறார் என்பதிலிருந்தே அவர் பெரியவரா சிறியவரா என்பதை அங்குள்ள ரசிகர்கள் அறிந்துகொள்கிறார்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். எட்டு நடிகர்கள் நிற்கும் மேடையில், ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்டுக்கொண்டிருப்பது நம் கண்ணுக்குத் தெரியும். ஒற்றை நடிகரின் மேடையில் கேட்பவர் என்று எவரும் இல்லை. கேட்பவரின் முகத்தைப் பேசுபவரின் முகத்திலிருந்துதான் நாம் படித்துக்கொள்ளவேண்டும். சோனியா மருத்துவரைப் பார்க்கிறாள் என்றால் மருத்துவர் நமக்குத் தெரிவதில்லை, சோனியாவின் ஆசைக்கு அவர் எப்படித் தோற்றமளிக்கிறாரோ அது மட்டுமே தெரிகிறது. தனி நடிகர் நிற்க, அவருக்கு எதிரில் இருப்பவரை இருட்டில் உட்கார்ந்திருக்கும் நாமல்லவா படைத்துக்கொள்கிறோம்? அந்த உழைப்பு நம்முடையது என்பதால்தான் கலக்கமும் கூடுதலாக இருக்கிறது. உங்கள் தோழி சொல்லும் படபடப்பு முதல் பத்து நிமிடங்களுக்கு இருக்கும். அதற்குப் பிறகும் அது நீடித்தால் நாடகம் தோற்றுவிட்டது என்று பொருள். அந்த அளவில் அவரோடு எனக்குப் பிணக்கில்லை.

கணக்குப்பிள்ளை எழுதியது:

ஓரத்திரைக்குப் பின்னால் நின்றவர் அழகாகச் சொல்லிவிட்டார். வரவுசெலவு நோட்டைப் பார்த்தவன் கொஞ்சம் கசப்பாகச் சொல்லவேண்டியிருக்கிறது.

ஒற்றை நடிகர் நாடகங்கள் பெருகியதற்கு முதற்காரணம் கலை அன்று, செலவு. எட்டுப் பேருக்கு ஒத்திகைப் படி, பயணச்சீட்டு, தங்கும் அறை, சாப்பாடு எல்லாம் கொடுத்து ஊர் ஊராக நாடகம் கொண்டுபோவதற்கும், ஒரே ஒருவர் ஒரு பெட்டியோடு இரவு ரயிலில் ஏறிப் போவதற்கும் உள்ள வேறுபாட்டை விளக்கவேண்டியதில்லை. ஸ்காட்லாந்தில் ஆகஸ்டு மாதம் நடக்கும் எடின்பரோ ஃப்ரிஞ்ச் விழாவில் தனி நடிப்பு நாடகங்கள் குவிந்து கிடப்பதற்கு அந்நகரில் அம்மாதத்தில் ஏறும் தங்குமிட வாடகையும் ஒரு காரணம். பெரிய அரங்குகளில் காரணம் வேறு: அங்கே விற்பனைக்கு வருவது நாடகம் அன்று, நட்சத்திரம்.

அடுத்து, இந்த எண்ணிக்கை மோகம். மராட்டியில் லட்சுமண் தேஷ்பாண்டே என்ற பேராசிரியர் எழுதி, நடத்திக்காட்டிய 'வர்ஹாட் நிகாலய் லண்டன்லா' என்ற நாடகத்தைப் பற்றி யார் பேசினாலும் '52 பாத்திரங்கள்' என்றுதான் தொடங்குகிறார்கள். மராத்வாடா கிராமத்துக் கல்யாணக் கூட்டம் லண்டனுக்குக் கிளம்பும் அமளியை அந்த மண்ணின் பேச்சு வழக்கு கைவரப் பெற்ற ஒருவர் எழுதியதால் அது நிலைத்தது. 52க்குப் பதில் 25 இருந்திருந்தாலும் நிலைத்திருக்கும். ஆனால் அதன் வழியில் வந்தவர்கள் பலர் பிடித்துக்கொண்டது எண்ணை மட்டும்தான். ஒரு கிழவர் குரல், கைதட்டல். ஒரு பெண் குரல், கைதட்டல். ஒரு குழந்தை குரல், பெருத்த கைதட்டல். பலகுரல் நிகழ்ச்சிக்கு இவ்வளவு பெரிய பெயர் எதற்கு?

சிட்னி நாடகக் குழுமம் 2020இல் தொடங்கி, பின்னர் சாரா ஸ்னூக் நடிப்பில் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் போன 'டோரியன் கிரேயின் ஓவியம்' இன்னும் ஒருபடி மேலே போய்விட்டது. 26 பாத்திரங்கள், ஒரே நடிகை. ஆனால் மேடையெங்கும் படப்பிடிப்புக் கருவிகள், அவற்றை இயக்குபவர்கள், தொங்கும் பெரும் திரைகள். விருந்துக் காட்சியில் முன்பே பதிவு செய்யப்பட்ட தன் பிம்பங்களோடு அவரே உட்கார்ந்து பேசுகிறார். தன் உருவத்தையே காதலித்துக் கெட்டவனின் கதைக்கு அது பொருத்தம்தான், மறுக்கவில்லை. ஆனால் மேடைக்கோல் ஐயா சொன்ன அந்த டம்ளரை நகராமல் பிடிக்கும் வேலையை அங்கே செய்வது திரையல்லவா?

கடைசியாக ஒன்று. அமெரிக்க நாடக ஆசிரியரும் நடிகையுமான அன்னா டீவியர் ஸ்மித் தனியாக நடித்துப் புகழ்பெற்ற லாஸ் ஏஞ்சலிஸ் கலவர நாடகத்தை 2021இல் நியூயார்க்கில் ஐந்து நடிகர்களை வைத்து மீண்டும் மேடையேற்றினார்கள். அதற்குப் பிரதியைத் திருத்திக் கொடுத்தவரும் ஸ்மித்தே. ஒருவர் நடிப்பதுதான் அதன் உயிர் என்றால் அவர் ஏன் அதற்கு இசைந்தார்?

பாலக்காட்டார் எழுதியது:

இந்தப் பேச்சு எடின்பரோவையும் நியூயார்க்கையும் சுற்றிவிட்டது. பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டி ஒருமுறை வந்துபோனால் வாசகி கேட்டதற்கு வேறு ஒரு மறுமொழி கிடைக்கும் என்று தோன்றுகிறது.

கேரளத்தின் பழைய சமஸ்கிருத நாடகக் கலையான கூடியாட்டம் பலர் சேர்ந்து ஆடும் கலைதான். ஆனால் ஒரு பாத்திரம் மேடைக்கு வந்ததும், தான் அதுவரை கடந்துவந்த கதையைத் தனியாகவே பல இரவுகள் விரித்து நடிக்கும் நிர்வஹணம் என்ற பகுதி அதில் உண்டு. அதற்குள் அந்த ஒரு நடிகரே கதையில் வரும் மற்றவர்களாகவும் மாறி மாறி நடிப்பதைப் பகர்ந்நாட்டம் என்கிறார்கள். இராவணன் கயிலையைப் பெயர்த்தெடுத்த கதையை எடுத்துக்கொள்ளுங்கள். மலையின் மேலே, சிவபெருமான் சடையில் கங்கையை ஒளித்துவைத்திருப்பதைக் கண்டு பார்வதி ஊடுகிறாள். பெருமான் சமாளிக்கப் பார்க்கிறார். அவள் கோபித்துக் கிளம்பும் வேளையில் மலை ஆடுகிறது. அச்சத்தில் அவள் ஓடிவந்து அவரைத் தழுவிக்கொள்கிறாள். இவ்வளவையும் ஆடுபவர் இராவண வேடத்தில் இருக்கிறார். கிரீடம் இறங்குவதில்லை, முகத்தெழுத்து கலைவதில்லை. மேலாடையின் நுனியை இடுப்பில் செருகிக்கொண்டால் பார்வதி, எடுத்துவிட்டால் வேறொருவர். மிழாவு என்ற முழவின் ஓசை தாழ்ந்து எழுகிறது. அந்த முரட்டு ஒப்பனைக்குள்ளிருந்து பொறாமையில் துடிக்கும் பெண்ணின் புருவம் நெளிகிறது. அம்மன்னூர் மாதவ சாக்கியார் போன்ற பெரியவர்கள் வாழ்நாள் முழுவதும் பயின்ற வேலை அது.

அந்த ஊடலை இராவணன் பார்க்கவில்லை என்பதை எண்ணிப் பாருங்கள். அவன் மலைக்குக் கீழே இருந்தவன். ஆகவே நாம் பார்ப்பது பார்வதியை அன்று. கயிலையையே தூக்கினேன் என்று மார்தட்டும் ஒருவன் தன் பெருமைக்கு ஏற்றவாறு கற்பித்துக்கொண்ட பார்வதியை. இது என் வாசிப்புத்தான், ஆசான்கள் இப்படிச் சொல்வார்களா என்பது வேறு. ஆனால் எட்டு நடிகர்களால் தரமுடியாதது இதுதான் என்று நான் சொல்வேன்: சொல்லப்படுபவருக்கு அடியில் சொல்பவர் மறையாமல் தெரிந்துகொண்டே இருப்பது. தனி நடிகை ஒருவர் பார்வதி வேடத்தில் வந்தால் நமக்குப் பார்வதி மட்டுமே கிடைப்பாள்.

நம் கதாகாலட்சேபமும் இப்படிப்பட்டதே. மராட்டியர் ஆட்சியில் தஞ்சைக்கு வந்த கீர்த்தன முறையைத் தமிழுக்கு ஏற்ப வடித்துக்கொடுத்தவர்களில் தலையானவர் தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர். கோபாலகிருஷ்ண பாரதியார் பாடிவைத்த நந்தனார் சரித்திரத்தைச் சப்ளாக்கட்டையோடு நின்று ஒரு பாகவதர் சொல்லும்போது, ஆண்டையின் அதட்டலும் நந்தனின் கெஞ்சலும் ஒரே தொண்டையிலிருந்து வருகின்றன. இரண்டு நடிகர்கள் நடித்தால் நாம் ஆண்டையை வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடலாம். ஒருவரே இரண்டுமாக நிற்கும்போது அந்த வசதி இல்லை; இரண்டு குரலும் ஒரு மனிதனுக்குள் இருக்க முடியும் என்பதை அவர் வாயே காட்டிக்கொடுத்துவிடுகிறது. மகாபாரதத்தைப் பாடிச் சொல்லும் சத்தீஸ்கரின் பாண்டவானிக் கலைஞர் தீஜன் பாய் கையிலிருக்கும் தம்பூரா பீமனின் கதாயுதமாகவும் மாறும், மறுகணம் சுருதி கூட்டும் தம்பூராவாகவும் திரும்பும். அவர் பீமனாகிவிட்டார் என்று ஒரு கணமும் நாம் ஏமாறுவதில்லை, ஏமாறாமலே நடுங்குகிறோம். கணக்குப்பிள்ளை அவர்களே, இவர்களில் எவரும் ஆள் சம்பளத்தை மிச்சம்பிடிக்க இந்த வழிக்கு வந்தவர்கள் அல்லர்.

தில்லைநகர் வாசகி எழுதியது:

மூவருக்கும் நன்றி. பாலக்காட்டார் ஐயா சொன்னது மனத்தில் நன்றாகப் பதிகிறது. ஆனால் அதில் ஒரு சிக்கல். இராவணன், பாகவதர், தீஜன் பாய் என்று நீங்கள் காட்டிய இடங்களிலெல்லாம் சொல்பவர் ஒருவர் இருக்கிறார். நான் பார்த்த 'வான்யா'வில் கதைசொல்லி என்று எவரும் இல்லை; எட்டுப் பேரும் நேரடியாகப் பேசுகிறார்கள். அங்கே அடியில் தெரிவது ஆண்ட்ரூ ஸ்காட் மட்டும்தான் என்றால், என் தோழி சொன்ன சாமர்த்தியத்துக்கே திரும்பிப் போய்விட்டோமே?

ஸ்கார்பரோவிலிருந்து எழுதியது:

வாசகி அக்கா, உங்கள் கேள்விக்குச் சுற்றி வளைத்துத்தான் பதில் சொல்ல முடியும். முதலில் கணக்குப்பிள்ளை அண்ணர் தொட்ட ஸ்மித்திடமிருந்து தொடங்குகிறேன்.

1991 ஆகஸ்டில் நியூயார்க்கின் கிரவுன் ஹைட்ஸ் பகுதியில், யூத மதத்தலைவரின் வாகன வரிசையில் சென்ற கார் மோதிக் கறுப்பினச் சிறுவன் ஒருவன் இறந்தான். அன்றிரவே யூத மாணவர் ஒருவர் கத்தியால் குத்தப்பட்டு உயிரிழந்தார்; நாள்கணக்கில் கலவரம் நீடித்தது. ஸ்மித் இரு தரப்பினரையும் நேரில் கண்டு, ஒலிப்பதிவு செய்து, 26 பேரின் சொற்களை அவர்களுடைய இருமல், தடுமாற்றம், பாதியில் விட்ட வாக்கியம் உட்பட அப்படியே மனப்பாடம் செய்து 1992இல் மேடையேற்றினார். அண்டை வீட்டாராக இருந்தும் ஒருவரோடு ஒருவர் பேசமறுத்தவர்கள் அந்த மேடையில் ஒருவர் பின் ஒருவராக ஒரே வாயிலிருந்து பேசினார்கள். அங்கே கதைசொல்லி என்று ஒரு பாத்திரம் இல்லைத்தான். ஆனால் ஒவ்வொருவர் சொல்வதையும் பக்கம் சாராமல் உட்கார்ந்து கேட்ட ஒருவர் இருந்தார் என்பதை அந்த உடல் சாட்சியாக நின்று சொல்கிறது. இன்னொரு கலவரத்தைப் பற்றிய நாடகத்தை 2021இல் ஐந்து பேர் நடித்தபோது வாதங்கள் தெளிவாக இருந்திருக்கும், மறுக்கவில்லை. கேட்டவர் மட்டும் மேடையில் இல்லை. தம் நாடகம் தமக்குப் பிறகும் மற்றவர்களால் நடிக்கப்படவேண்டும் என்று ஓர் ஆசிரியர் விரும்புவதில் வியப்புக்கு ஒன்றும் இல்லை. அதற்காக முதல் வடிவம் செலவுக் கணக்கால் வந்தது என்று ஆகிவிடாது.

இரண்டாவது, டக் ரைட் எழுதி 2004இல் புலிட்சர் பரிசு பெற்ற 'ஐ ஆம் மை ஓன் வைஃப்'. நாஜிகளின் ஆட்சியையும் பிறகு கிழக்கு ஜெர்மனியின் ஆட்சியையும் பெண்ணுடையில் வாழ்ந்தே கடந்த சார்லட் ஃபான் மால்ஸ்டார்ஃப் என்ற திருநங்கையின் வரலாறு அது. பழைய மரச்சாமான்களையும் கிராமபோன்களையும் சேகரித்து பெர்லினில் அருங்காட்சியகம் வைத்திருந்தவர். அரசின் உளவுத்துறைக்குத் தகவல் கொடுத்தவர் என்ற குற்றச்சாட்டும் அவர்மேல் உண்டு. ஜெஃபர்சன் மேஸ் ஏறத்தாழ 40 பேராக அதில் நடித்தார். உடுத்தியிருந்ததோ எளிய கறுப்பு உடையும் முத்துமாலையும். அமெரிக்கச் சிப்பாயும் அந்த முத்துமாலையோடுதான், உளவுத்துறை அதிகாரியும் அந்த முத்துமாலையோடுதான். சார்லட் சொன்னவற்றில் எது உண்மை, எது உயிர்பிழைக்கச் சொன்ன கதை என்பது நாடகத்தின் மையக் கேள்வி. எல்லாரும் அவருடைய உடையிலேயே வந்துபோகும்போது, நாம் கேட்கும் ஒவ்வொரு குரலும் அவர் புனைந்ததாக இருக்கக்கூடும் என்ற ஐயம் யாரும் சொல்லாமலே எழுகிறது. இதை 40 நடிகர்களை வைத்து நடித்தால் நாடகமே இல்லாமல் போய்விடும். அக்கா, கதை இந்த வடிவத்தைக் கேட்டதா, அல்லது வடிவம் ஒரு கதையைத் தேடிப் பிடித்துக்கொண்டதா என்பதுதான் நான் வைத்திருக்கும் அளவுகோல்.

'வான்யா' அந்த அளவுகோலில் பாதி தேறுகிறது. ஒரே வீட்டுக்குள் அடைபட்டு, அவரவர் வாழ்க்கை வீணாகிவிட்டது என்ற ஒரே புலம்பலை எட்டுப் பேரும் வெவ்வேறு சொற்களில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். மற்றவர் புலம்பல் எவர் காதிலும் விழுவதில்லை. அவர்களை ஒரே உடலுக்குள் வைத்ததும் அந்தச் செவிட்டுத்தன்மை வெளிச்சத்துக்கு வந்துவிடுகிறது. பக்கத்தில் இருப்பவர் தன் வேதனையையே பேசுகிறார் என்பது நமக்குத் தெரிகிறது, அவர்களுக்குத் தெரிவதில்லை. அதனால் சோனியாவின் இறுதிப் பேச்சு எனக்கு முழுமையாகக் கிட்டியது. மூன்றாம் அங்கத்தில் வான்யா துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு துரத்தும் அமளிக்கு மட்டும் உண்மையாகவே பல உடல்கள் வேண்டும். துரத்துபவரும் ஓடுபவரும் விலக்குபவரும் ஒருவரே என்னும்போது அங்கே எனக்குச் சாமர்த்தியம் தவிர வேறொன்றும் தெரியவில்லை. உங்கள் தோழி அந்தக் காட்சியை மனத்தில் வைத்துச் சொன்னாரோ என்னவோ.

கணக்குப்பிள்ளை எழுதியது:

கிரவுன் ஹைட்ஸ் உதாரணத்தை ஏற்றுக்கொள்கிறேன், தம்பி. உங்கள் அளவுகோலும் நல்லதே. அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு பருவத்தில் மேடையேறும் தனி நடிப்பு நாடகங்களை எல்லாம் அளந்தால் எத்தனை மிஞ்சும் என்பதுதான் என் கவலை. பாலக்காட்டார் சொன்னவர்கள் பல்லாண்டுப் பயிற்சிக்குப் பிறகு மேடைக்கு வந்தவர்கள் என்பதையும் மறக்கவேண்டாம்.

மேடைக்கோல் எழுதியது:

வாசகி அம்மா குறிப்பிட்ட அந்த நெருக்கமான காட்சியைப் பற்றி விட்டுப்போன ஒன்றைச் சேர்க்கிறேன். தனி நடிகர் செய்வதிலேயே கடினமானது இரண்டு பேர் தொட்டுக்கொள்ளும் காட்சி. வலக்கை ஒருவருடையது, இடக்கை இன்னொருவருடையது என்று பிரித்துக்கொண்டால் பொம்மலாட்டம் போல் ஆகிவிடும். அனுபவமுள்ள இயக்குநர்கள் தொடுபவரைக் காட்டுவதில்லை, தொடப்படுபவரை மட்டும் காட்டச் சொல்வார்கள்: தோளில் ஒரு கை வந்து அமர்ந்ததும் அந்தத் தோள் என்ன செய்கிறது, மூச்சு எங்கே நிற்கிறது, கண் கதவுப் பக்கம் போகிறதா போகவில்லையா என்பவை போதும். அரங்கில் முதலில் ஒரு சிரிப்பு எழும். ஒருவர் தன்னையே அணைத்துக்கொள்வது பார்வைக்கு வேடிக்கையானதுதானே. அந்தச் சிரிப்பை அடக்க நடிகர் அவசரப்படக் கூடாது. அது தானாக ஓயும்வரை அதே நிலையில், தொட்டவராகவும் தொடப்பட்டவராகவும் அசையாமல் நின்று, ஓய்ந்த பிறகே அடுத்த வசனத்தைத் தொடவேண்டும். அந்தப் பதிவை மறுபடி பார்க்க வாய்த்தால் அரங்கத்தின் ஒலியை மட்டும் கவனித்துப் பாருங்கள், தோழியையும் அழைத்துக்கொண்டு.